ஹைப்ரிட் பவர்ட்ரெய்ன் சிமுலேஷன் தப்பான எண் தரும்போது: அறிகுறியிலிருந்து கோளாறுக்கு

ஹைப்ரிட் வண்டிக்கு மாடல் எழுதி, அதன் மேல் ஒரு கட்டுப்பாட்டு உத்தியை வைத்து, கடைசியில் 100 கி.மீ.க்கு எத்தனை லிட்டர் என்று ஒரு எண்ணை எடுக்கிறோம். அந்த எண் இடிக்கும்போது பலரும் முதலில் கை வைப்பது ஆப்டிமைசரில்தான். கிரிட்டை மாற்றுவார்கள், வெயிட்டை மாற்றுவார்கள், வேறு அல்காரிதம் போட்டுப் பார்ப்பார்கள். கோளாறு அங்கே இருப்பது அபூர்வம். பெரும்பாலும் மாடலுக்குள் ஆற்றல் கணக்கு எங்கோ ஒழுகிக்கொண்டிருக்கும். ஆப்டிமைசர் அந்த ஓட்டையைக் கண்டுபிடித்து, அதன் வழியாகவே மைலேஜைக் கூட்டித் தரும். குறைந்த எரிபொருளைத் தேடு என்றுதானே அதனிடம் சொல்லியிருக்கிறோம்.

அதனால் கீழே உள்ள எந்த அறிகுறியோடு வந்திருந்தாலும் முதலில் இதைச் செய்துவிடுங்கள். ஒரு சைக்கிள் (நொடிக்கு நொடி வேகம் குறித்து வைத்த சோதனை ஓட்டம்) முழுக்க எஞ்சினுக்குள் போன எரிபொருளின் வெப்ப ஆற்றலையும், பேட்டரியின் வேதி ஆற்றலில் குறைந்ததையும் கூட்டி ஒரு பக்கம் எழுதுங்கள். மறுபக்கம் காற்றுத் தடை, டயர் உருள் தடை, உராய்வு பிரேக்கில் வீணான வெப்பம், எஞ்சின், மோட்டார், கியர், பேட்டரி ஒவ்வொன்றின் இழப்பு, துணைக் கருவிகளின் செலவு. வண்டி நின்ற நிலையில் தொடங்கி நின்ற நிலையில் முடிந்தால் இயக்க ஆற்றல் மாற்றம் பூஜ்யம். இரண்டு பக்கமும் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் மீதியைப் படிக்க வேண்டாம். எந்தப் பாகத்தில் மிச்சம் விழுகிறது என்று பாகம் பாகமாகப் பிரித்துத் தேடுங்கள்.

அறிகுறி: மைலேஜ் நம்ப முடியாத அளவுக்கு நன்றாக வருகிறது

முதல் சந்தேகம் எப்போதும் எஸ்ஓசி. அதாவது பேட்டரியில் மீதமிருக்கும் சார்ஜ். தொடங்கும்போது 60 சதவீதம், முடியும்போது 50 சதவீதம் என்றால் வண்டி கடனில் ஓடியிருக்கிறது. பார்க்கச் சின்னதுதான், கணக்குப் போட்டால் தெரியும். 1.3 கிலோவாட்-மணி பேட்டரியில் 10 சதவீதம் என்பது 130 வாட்-மணி. அதை எஞ்சின் வழியாகத் திருப்பி நிரப்ப ஏறக்குறைய மூன்று மடங்கு எரிபொருள் ஆற்றல் வேண்டும்: 390 வாட்-மணி. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 8.9 கிலோவாட்-மணி இருக்கிறது என்றால் இது 0.044 லிட்டர். அமெரிக்க நகரச் சைக்கிளான யுடிடிஎஸ் 12 கி.மீ. நீளம், 100 கி.மீ.க்கு 4 லிட்டர் குடிக்கும் வண்டி அதில் மொத்தமே 0.48 லிட்டர்தான் செலவழிக்கும். ஆக, கண்ணில் படாமல் போன அந்த 10 சதவீதம் எஸ்ஓசி, மைலேஜில் 9 சதவீத முன்னேற்றமாக வேஷம் போட்டுக்கொண்டு வருகிறது.

தீர்வு இரண்டு விதம். ஒன்று, முடிவு எஸ்ஓசியும் தொடக்க எஸ்ஓசியும் ஒன்றாகும் வரை அதே சைக்கிளைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது. இன்னொன்று, தொடக்க எஸ்ஓசியை மாற்றி மாற்றி நாலைந்து முறை ஓட்டி, எரிபொருளையும் பேட்டரி ஆற்றல் மாற்றத்தையும் வரைபடத்தில் போட்டு, மாற்றம் பூஜ்யமாகும் இடத்தில் எரிபொருள் எவ்வளவு என்று படிப்பது. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். புள்ளிகள் ஒரு நேர்கோட்டில் உட்காரவில்லை என்றால் மாடலில் வேறு ஏதோ கோளாறு இருக்கிறது என்பதையும் அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

எஸ்ஓசி சரியாக இருந்தும் மைலேஜ் அதிகமாகவே வந்தால் அடுத்து ரீஜென் பிரேக்கிங், அதாவது பிரேக் பிடிக்கும்போது மோட்டாரை ஜெனரேட்டராக ஓட்டி ஆற்றலைப் பேட்டரிக்குத் திருப்புவது. இங்கே திரும்பத் திரும்ப வரும் தப்பு, மோட்டாரின் செயல்திறனை இரு திசையிலும் ஒரே மாதிரி போடுவது. மோட்டார் இழுக்கும்போது மின்சக்தி என்பது இயந்திர சக்தியைச் செயல்திறனால் வகுத்தது. ஜெனரேட்டராக ஓடும்போது பெருக்கியது. இரண்டிலும் வகுத்துவிட்டால் பிரேக் போடும்போதெல்லாம் ஆற்றல் சும்மா பிறக்கும். சோதிப்பது எளிது: பிரேக் பிடித்த நேரங்களில் சக்கரத்தில் கிடைத்த ஆற்றலையும் பேட்டரிக்குள் சேர்ந்ததையும் தனித்தனியாகக் கூட்டிப் பாருங்கள். மோட்டார்-இன்வெர்ட்டர் 88 சதவீதம், கியர் 97, பேட்டரி 95 என்று வைத்தால் ஒருவழிக்கு 81 சதவீதம் தேறும். அதே ஆற்றல் திரும்பச் சக்கரத்துக்கு வரும்போது 66 சதவீதம்தான் மிஞ்சும். உங்கள் மாடல் 85 என்று சொன்னால் நம்பாதீர்கள். கூடவே, இரண்டு அச்சு பிரேக்கையும் மோட்டாரே எடுத்துக்கொள்வதாக வைத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். முன்சக்கர இயக்க வண்டியில் பின்சக்கரம் பிடிக்கும் பிரேக் எல்லாம் வெப்பமாகத்தான் போகும். நிற்கப்போகும் கடைசித் தருணத்தில் ரீஜென் ஓய்ந்து உராய்வு பிரேக் பொறுப்பேற்கும். அதையும் மாடலில் வைக்க வேண்டும்.

மூன்றாவது, வண்டி உண்மையில் சைக்கிளை ஓட்டியதா என்பது. டிரைவர் மாடல் பெடலை மிதித்து வேகத்தைத் துரத்தும் முன்னோக்கு சிமுலேஷனில் அது பின்தங்கினால் வேகம் குறைவாகவே இருக்கும், எரிபொருளும் மிச்சமாகும். டபிள்யுஎல்டிபி என்ற சர்வதேச வாகனச் சோதனை முறையின் விதிப்படி ஒவ்வொரு நொடியிலும் குறித்த வேகத்துக்கு 2 கி.மீ. மேலோ கீழோ, ஒரு நொடி முன்னோ பின்னோ இருக்கலாம், அவ்வளவுதான் சலுகை. சைக்கிளின் வேகத்திலிருந்து தேவையான சக்தியைக் கணக்கிடும் பின்னோக்கு சிமுலேஷனில் இந்தப் பிரச்சினை வேறு உருவத்தில் வரும்: கேட்ட சக்தியைத் தர முடியாதபோதும் மாடல் வாயைத் திறக்காமல் வேகத்தை எட்டியதாகவே எழுதிவிடும். கேட்டதற்கும் கொடுத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைத் தனி சிக்னலாகப் பதிவு செய்து வையுங்கள்.

துணைக் கருவிகளை மறந்துவிடுவதும் இதே வகைதான். 12 வோல்ட் பக்கம் 300 வாட் தொடர்ந்து எடுத்தால் 1800 நொடியில் 150 வாட்-மணி ஆகிவிடும். மேலே பார்த்த 10 சதவீத எஸ்ஓசியைவிட அதிகம்.

அறிகுறி: எஸ்ஓசி ஒரே பக்கமாகப் போகிறது

ஈசிஎம்எஸ் (சமான எரிபொருள் செலவைக் குறைக்கும்) உத்தியில் வருவது இது. பேட்டரியிலிருந்து எடுக்கும் மின்சாரத்துக்கு ஒரு எரிபொருள் விலை வைத்து, எரிபொருள், மின்சாரம் இரண்டின் கூட்டுச் செலவும் குறையும்படி ஒவ்வொரு கணமும் எஞ்சின்-மோட்டார் பங்கீட்டை முடிவு செய்கிறோம். அந்த விலைதான் சமன்காரணி. எஸ்ஓசி கீழே போய்க்கொண்டே இருந்தால் மின்சாரத்தை மலிவாக மதிப்பிட்டிருக்கிறீர்கள். மேலே ஏறிக்கொண்டே இருந்தால் விலை கூடுதல்.

எங்கிருந்து தொடங்குவது? எஞ்சின் செயல்திறன் 36 சதவீதம், எஞ்சினிலிருந்து பேட்டரி வரை உள்ள பாதை 85 சதவீதம் என்றால் இரண்டையும் பெருக்கி 0.31; தலைகீழாகப் போட்டால் 3.3. பெட்ரோல் ஹைப்ரிட்டுக்கு 2.5 முதல் 3.5 வரை தேடினால் பெரும்பாலும் அகப்பட்டுவிடும். எல்லை இரண்டையும் பாதி பாதியாகக் குறுக்கிக்கொண்டே வந்து, முடிவு எஸ்ஓசி தொடக்கத்தோடு ஒத்துப்போகும் மதிப்பைப் பிடியுங்கள். விடை 6 என்றோ 1.2 என்றோ வந்தால் அலகுகளைப் பாருங்கள். ஒரு பக்கம் கிராம், மறுபக்கம் கிலோவாட் என்று கலந்திருக்கும், இல்லாவிட்டால் எரிபொருளின் வெப்ப மதிப்பு எங்கோ விட்டுப்போயிருக்கும்.

இதில் நுட்பமான ஒரு தப்பு உண்டு. விலை வைக்க வேண்டியது பேட்டரியின் உள்ளே குறையும் வேதி சக்திக்கு. முனையில் வெளியே வரும் மின்சக்திக்கு விலை வைத்தால் உள்மின்தடையில் வெப்பமாகப் போவது யார் கணக்கிலும் ஏறாது. உத்தியும் அதிக சக்தி கேட்கும் இடங்களில் பேட்டரியைத் தாராளமாகக் கறந்துவிடும். எஸ்ஓசி சராசரியாகச் சரியாக வந்தாலும் எரிபொருள் ஒன்றிரண்டு சதவீதம் கூடுதலாக நிற்கும்.

சில சமயம் தேடல் முடியவே முடியாது: காரணியை இம்மியளவு கூட்டினால் முடிவு எஸ்ஓசி 63, இம்மியளவு குறைத்தால் 57, நடுவில் 60 கிடைக்காது. எஞ்சினை அணைத்து வைப்பதும் நன்றாகச் சுமையேற்றி ஓட்டுவதும் ஒரே செலவில் வந்து நிற்கும் காரணி மதிப்பில் இந்தத் தாவல் வரும். பங்கீட்டு கிரிட்டை நெருக்கமாக்கிப் பாருங்கள், எஞ்சின் மேப்பில் (எந்த வேகம், டார்க்குக்கு எவ்வளவு எரிபொருள் என்ற அட்டவணையில்) கரடுமுரடு இருந்தால் சீராக்குங்கள். அதற்குப் பிறகும் தாவினால் இரண்டு ஓட்டத்தையும் எடுத்துக்கொண்டு, மேலே சொன்ன நேர்கோட்டு முறையில் பூஜ்யத்துக்குத் திருத்திக்கொள்ளலாம். அதில் தப்பே இல்லை.

எஸ்ஓசி விலகும்போது காரணியைத் தானாக மாற்றிக்கொள்ளும் வகையைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் கெயினை, அதாவது விலகலுக்கு எவ்வளவு பலமாக எதிர்வினை காட்டுகிறது என்பதை, கவனியுங்கள். கெயின் அதிகமானால் எஸ்ஓசி நேர்கோடாக ஓடும். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் பேட்டரி வேலையே செய்யவில்லை என்று அர்த்தம். எஸ்ஓசி ஏறி இறங்க வேண்டும். அதற்காகத்தானே அந்த எடையைச் சுமக்கிறோம்.

அறிகுறி: எஞ்சின் நொடிக்கொரு முறை எரிந்து அணைகிறது

ஸ்டார்ட் செய்ய ஆகும் செலவு மாடலில் இல்லை. எஞ்சினைச் சுழற்றி வேகத்துக்குக் கொண்டுவரும் மின்சாரம், முதல் சில சுழற்சிகளில் கூடுதலாகப் பீய்ச்சப்படும் எரிபொருள் இரண்டையும் செலவில் சேருங்கள். எரிந்தால் குறைந்தபட்சம் சில நொடி எரிய வேண்டும், அணைந்தால் சில நொடி அணைந்திருக்க வேண்டும் என்ற விதியும் வேண்டும். டிபி (டைனமிக் புரோகிராமிங்: முழுச் சைக்கிளையும் முன்கூட்டியே தெரிந்துகொண்டு சிறந்த தீர்வைத் தேடும் முறை) போடுகிறீர்கள் என்றால் எஞ்சின் எரிகிறதா இல்லையா என்பதை இரண்டாவது நிலை மாறியாக வைக்க வேண்டியிருக்கும். கணக்கு நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும், பரவாயில்லை. எரி-அணை சிக்னலில் வடிப்பான் மட்டும் போட்டு மறைக்காதீர்கள். எரிபொருள் எண் பழைய பொய்யிலேயே நிற்கும்.

அறிகுறி: டிபி பேட்டரியைத் தொடவே இல்லை, அல்லது தீர்வே இல்லை என்கிறது

டைனமிக் புரோகிராமிங்கில் எஸ்ஓசியைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கிறோம். கட்டத்தின் அளவைப் பேட்டரியின் அளவோடு பொருத்திப் பார்க்காமல் விடுவதுதான் இங்கே பிரச்சினை. 1.3 கிலோவாட்-மணி பேட்டரியிலிருந்து 10 கிலோவாட்டை ஒரு நொடிக்கு எடுத்தால் குறைவது 2.8 வாட்-மணி, அதாவது 0.21 சதவீதம். கிரிட் ஒவ்வொரு சதவீதத்துக்கும் ஒரு புள்ளி என்று இருந்தால், பக்கத்துப் புள்ளியில் ஒட்டவைக்கும் நிரலில் எஸ்ஓசி நகரவே நகராது: ஒவ்வொரு நொடியும் 0.21 குறைந்து, உருட்டலில் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். சிறிய சக்தி இலவசமாகிவிடும். அடுத்த நொடியில் சார்ஜ் ஏற்றினாலும் அதுவும் பதிவாகாது. இடைச்செருகல் முறைக்கு (இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் உள்ள மதிப்பைக் கணக்கிடுவது) மாறுங்கள், கிரிட்டையும் 0.1 சதவீதம் அளவுக்கு நெருக்குங்கள். பிறகு கிரிட்டைப் பாதியாக்கி மறுபடி ஓட்டிப் பாருங்கள். எரிபொருள் நகராமல் நின்றால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு.

தீர்வு இல்லை என்ற செய்தி பெரும்பாலும் முடிவு எஸ்ஓசி நிபந்தனையிலிருந்து வருகிறது. எட்ட முடியாத புள்ளிகளுக்கு முடிவிலி செலவு போடுவோம். இடைச்செருகலில் அந்த முடிவிலி பக்கத்தில் உள்ள நல்ல புள்ளிகளையும் தின்றுவிடும். நொடிக்கு நொடி பின்னோக்கிப் போகப் போக அது பரவும். முடிவிலிக்குப் பதில் பெரிய எண் போட்டால் எல்லையருகே செலவு செங்குத்தாகச் சரிந்து, தீர்வு எல்லையை விட்டுத் தள்ளியே நிற்கும். எட்டக்கூடிய பகுதியின் எல்லைக்கோட்டைத் தனியாகக் கணக்கிட்டு, அதற்குள் மட்டும் இடைச்செருகல் செய்வதுதான் சரியான வழி. ஈடிஹெச் ஜூரிக்கில் சண்ட்ஸ்ட்ரோமும் குசெல்லாவும் உருவாக்கிய டிபிஎம் என்ற மேட்லேப் நிரலில் இந்த வசதி இருக்கிறது.

அப்புறம் இன்னொன்று: ஈசிஎம்எஸ் டிபியைவிடக் குறைந்த எரிபொருள் காட்டினால் சந்தோஷப்பட வேண்டாம். முழுச் சைக்கிளும் முன்கூட்டியே தெரிந்த டிபியைத் தாண்டி எந்த உத்தியும் போக முடியாது. முடிவு எஸ்ஓசி இரண்டிலும் ஒன்றா, மாடல் ஒன்றா, கிரிட் போதுமா என்று இதே வரிசையில் பாருங்கள்.

அறிகுறி: பேட்டரி மின்னோட்டம் கற்பனை எண்ணாக வருகிறது

கேட்ட சக்தியை அந்தப் பேட்டரியால் தரவே முடியாது என்பதுதான் பொருள். திறந்த சுற்று மின்னழுத்தத்தின் வர்க்கத்தை உள்மின்தடையின் நான்கு மடங்கால் வகுத்தால் உச்ச சக்தி. 200 வோல்ட், 0.4 ஓம் என்றால் 25 கிலோவாட். ஆனால் அந்த இடத்தில் முனை மின்னழுத்தம் 100 வோல்ட்டாக விழுந்திருக்கும். இன்வெர்ட்டர் அதற்கு வெகு முன்பே நிறுத்திவிடும். குறைந்தபட்சம் 150 வோல்ட் என்று வரம்பு வைத்தால் 125 ஆம்ப், 18.75 கிலோவாட். இந்த வரம்பை உத்திக்கே தெரியும்படி முன்னால் வையுங்கள். வர்க்கமூலத்துக்குள் இருக்கும் எண்ணைப் பூஜ்யத்தில் வெட்டிவிடுவது பலர் செய்யும் குறுக்குவழி. ஆற்றல் கணக்கு உடைவது அங்கேதான். குளிரில் உள்மின்தடை பல மடங்கு ஏறும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அறிகுறி: பவர்-ஸ்பிளிட் வண்டி எஞ்சினை நிறுத்திவிட்டு நெடுஞ்சாலையில் பறக்கிறது

எஞ்சின் சக்தியைச் சக்கரத்துக்கும் ஜெனரேட்டருக்கும் பிரிக்கும் கோள்கியரின் வேக வரம்பு விட்டுப்போயிருக்கிறது. டொயோட்டா பிரியஸின் கியரில் சக்கரத்தோடு இணைந்த வளையத்துக்கு 78 பல், சூரியக் கியருக்கு 30. எஞ்சின் நிற்கும்போது சூரியக் கியரில் உள்ள ஜெனரேட்டர் வளையத்தைப் போல 2.6 மடங்கு வேகத்தில் எதிர்த்திசையில் சுழலும். வளையம் 2500 சுற்று என்றால் ஜெனரேட்டர் 6500. வரம்பைத் தாண்டுமிடத்தில், எரிபொருள் போடாவிட்டாலும் எஞ்சினைச் சுழற்றியே ஆக வேண்டும். அந்த உராய்வு இழப்பும் கணக்கில் வரும். டார்க் பங்கையும் சரிபாருங்கள்: எஞ்சின் டார்க்கில் 72 சதவீதம் வளையத்துக்கு, 28 சதவீதம் சூரியக் கியருக்கு.

அறிகுறி: அளவு உகப்பாக்கத்தில் விடை எப்போதும் எல்லையில் போய் நிற்கிறது

எஞ்சின் மிகச் சிறியது, பேட்டரி மிகச் சிறியது என்று விடை வந்தால் செயல்திறன் நிபந்தனை போதவில்லை. 100 கி.மீ. வேகத்தை எட்டும் நேரம் மட்டும் வைத்தால் மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்து அதைச் சமாளித்துவிடும். நீண்ட ஏற்றத்தில் பேட்டரி தீர்ந்த பிறகு எஞ்சின் தனியாக இழுக்க வேண்டும். 1500 கிலோ வண்டி 6 சதவீத ஏற்றத்தில் 90 கி.மீ. வேகத்தில் போக ஏற்றத்துக்கு 22, காற்றுக்கு 6, டயருக்கு 4, ஆக சக்கரத்தில் 32 கிலோவாட் வேண்டும். இதைத் தொடர் நிபந்தனையாக வையுங்கள். எஞ்சின் அளவு தானாக ஒரு நியாயமான இடத்துக்கு வரும்.

மேப்பை நேர்விகிதத்தில் சுருக்கும்போதும் எச்சரிக்கை. 90 கிலோவாட் எஞ்சின் மேப்பை 30 கிலோவாட்டுக்குச் சுருக்கினால் செயல்திறன் அப்படியே இருப்பதாகத்தான் மாடல் சொல்லும். சின்ன சிலிண்டரில் கொள்ளளவுக்குச் சுவர்ப்பரப்பு அதிகம், வெப்ப இழப்பும் அதிகம்.

பரிசீலிக்கும் ஒவ்வொரு அளவுக்கும் கட்டுப்பாட்டையும் புதிதாகச் சரிசெய்துதான் மதிப்பிட வேண்டும். ஒரே சமன்காரணியை எல்லாவற்றுக்கும் போட்டால் எந்த அளவு நல்லது என்பதற்குப் பதில் கிடைக்காது. அந்தக் காரணிக்கு எது பொருந்துகிறது என்பது மட்டும்தான் தெரியும்.

அறிகுறி: ஒரு சைக்கிளில் பிரமாதம், இன்னொன்றில் மோசம்

அந்த ஒரு சைக்கிளை மனப்பாடம் செய்துவிட்டது. 1180 நொடி, 11 கி.மீ. கொண்ட பழைய ஐரோப்பியச் சைக்கிளான என்இடிசியில் முடுக்கம் மென்மையாக, நேர்கோடாக இருக்கும். டபிள்யுஎல்டிபியின் சைக்கிளான டபிள்யுஎல்டிசி 1800 நொடி, 23.27 கி.மீ., உச்சம் 131 கி.மீ. முதலாவதில் செதுக்கிய விதிகள் இரண்டாவதில் தடுமாறுவது இயல்பு. செதுக்க ஒரு தொகுதி, சோதிக்க வேறு தொகுதி என்று பிரித்து, யுஎஸ்06 போன்ற முரட்டுச் சைக்கிளைச் சோதனைப் பக்கம் வையுங்கள்.

அறிகுறி: சிமுலேஷன் சரி, டைனோவில் (வண்டியை உருளைகள் மேல் ஓட்டும் சோதனை மேடையில்) எண் ஒத்துப்போகவில்லை

மாடலைக் குறை சொல்வதற்கு முன் மின்னோட்ட கிளாம்ப்பை (கம்பியைச் சுற்றி மாட்டும் அளவியை) பாருங்கள். 1 ஆம்ப் பூஜ்யப் பிசகு 1800 நொடியில் 0.5 ஆம்ப்-மணி, 200 வோல்ட்டில் 100 வாட்-மணி. 100 கி.மீ.க்கு 4 லிட்டர் வண்டி டபிள்யுஎல்டிசியில் செலவழிக்கும் 0.93 லிட்டரில் இருப்பது சுமார் 8.3 கிலோவாட்-மணி. பேட்டரி ஆற்றல் மாற்றம் எரிபொருள் ஆற்றலில் 0.5 சதவீதத்துக்குள் இருந்தால் திருத்தம் வேண்டாம் என்கிறது டபிள்யுஎல்டிபி: 41 வாட்-மணி. ஹைப்ரிட் சோதனைக்கான அமெரிக்க நெறிமுறையான எஸ்ஏஇ ஜே1711 அனுமதிப்பது 1 சதவீதம்: 83 வாட்-மணி. ஒரே ஒரு ஆம்ப் பிசகு இரண்டையும் தாண்டிவிடுகிறது. எரிபொருளாக மாற்றினால் 100 கி.மீ.க்கு 0.14 லிட்டர் வித்தியாசம். நீங்கள் நிரூபிக்க நினைக்கும் முன்னேற்றமே அதைவிடச் சின்னதாக இருக்கலாம். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் கிளாம்ப்பின் காந்தத்தை நீக்கிப் பூஜ்யமாக்குங்கள். ஓட்டம் முடிந்ததும், மின்னோட்டம் இல்லாதபோது என்ன காட்டுகிறது என்று மறுபடி பார்த்துக் குறித்து வையுங்கள். வண்டியின் திரையில் வரும் எஸ்ஓசியை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். பேட்டரி கட்டுப்பாட்டகம் நடுவில் தன் மதிப்பீட்டைத் திருத்திக்கொள்ளும்.

அடுத்து, ஓட்டம் குளிர்ந்த எஞ்சினோடு தொடங்கியதா என்று பாருங்கள். எஞ்சினும் வினையூக்கியும் சூடாகும் வரை நிஜ வண்டி எஞ்சினை அணைக்க விடாது; சூடான மேப்பை மட்டும் வைத்திருக்கும் மாடலுக்கு இது தெரியாது. வித்தியாசம் முழுக்க முதல் சில நிமிடங்களில் குவிந்திருந்தால் காரணம் இதுதான்.

கடைசியாக, ஒற்றை அச்சு டைனோ. அதில் பின்சக்கரம் சுழலாது, பிரேக்கும் பிடிக்காது. பிரேக் வேலை முழுக்க முன் அச்சுக்கு வருவதால் ரீஜென் சாலையில் கிடைப்பதைவிட அதிகமாகத் தெரியும். சில வண்டிகள் பின்சக்கரம் நிற்பதைச் சறுக்கல் என்று எடுத்துக்கொண்டு ரீஜெனை அடியோடு நிறுத்தியும் விடும். டைனோ முறைக்கு மாற்றாமல் ஓட்டினீர்களா என்று பதிவைத் திறந்து, முதல் பிரேக்கின்போது மோட்டார் டார்க் எதிர்மறையாகப் போனதா என்று பாருங்கள். போகவில்லை என்றால் அந்த ஓட்டத்தை ஒதுக்கிவிட்டு, டைனோ முறையில் மறுபடி ஓட்டுங்கள்.